பழைய எம்.ஜி.பி.யில் பிரேக் தொல்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. அதனால் இங்கே பிரிட்டனில் அதற்கு இன்றும் கிட்டத்தட்ட எந்த உதிரி பாகமும் கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரேக் கொஞ்சம் சரியில்லை என்றதும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை), சர்வோ (என்ஜின் வேக்குவத்தால் மிதிக்குப் பலம் சேர்ப்பது) என்று விலை கூடியதிலிருந்து வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டிகளை வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது நண்பர்கள் வட்டத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஓடித் தேய்ந்ததால் வருவதைவிட, ஓடாமல் நின்றதால் வருவதே அதிகம். துருவும், இறுகிய ரப்பரும், அசையாத அட்ஜஸ்டரும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்லா எம்.ஜி.பி.யிலும் முன்னால் டிஸ்க் (சுழலும் தட்டை, காலிப்பர் என்ற கவ்வி பேடுகளால் பற்றும்), பின்னால் 10 அங்குல டிரம் (உள்ளே ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து பிடிக்கும்), லாக்ஹீட் நிறுவனத்தின் அமைப்பு. பிரிட்டனில் விற்றவற்றில் பெரும்பாலானவை ஒற்றைச் சுற்று: ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்காவுக்குப் போனவை 1968 மாடல் முதல் இரட்டைச் சுற்று. அங்கிருந்து திரும்பி வந்த வண்டிகள் இங்கே நிறைய ஓடுவதால் உங்களுடையது எது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். சர்வோ 1970 வாக்கில் விருப்பத்துக்குக் கிடைத்தது, 1973-லிருந்து பிரிட்டன் வண்டிகளில் கூடவே வந்தது. சர்வோ இல்லாத வண்டியில் பெடல் கனமாகத்தான் இருக்கும். அது கோளாறு இல்லை.

ஒற்றைச் சுற்று வண்டியில் எங்காவது ஈரம் கண்டால், அதைச் சரிசெய்யும் வரை வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். ‘மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்’ என்பது இதில் கிடையாது.

அடுத்தது பிரேக் ஆயில். கார் கைமாறும்போது உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்குங்கள். கரைந்துவிட்டால் சாதாரண கிளைக்கால் ஆயில். டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஊற்றலாம். கரையாமல் தனியாகப் பிரிந்து மேலே நின்றால் அது டாட் 5 எனப்படும் சிலிக்கோன். இரண்டையும் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் டாட் 5-க்கு நெருக்கம். அதுவும் கிளைக்கால் வகையே. சிலிக்கோன் போட்டிருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பழைய எம்.ஜி.பி.களில் பிரேக் விளக்கு, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சில் எரிகிறது, அந்தச் சுவிட்சுகளுக்கும் சிலிக்கோனுக்கும் ஒத்துப்போவதில்லை. விளக்கு எரியவில்லை என்று வயரைத் தேடி அலையும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

தப்பித் தவறி யாராவது என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றியிருந்தால் தொட்டி மூடியின் ரப்பர் உப்பியிருக்கும். அப்படி இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். வண்டியில் இருக்கும் எல்லா ரப்பரும் மாற வேண்டும், பைப்புகளையும் கழுவ வேண்டும்.

கிளைக்கால் ஆயில் பெயின்டை உரித்துவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருக்கட்டும். சிந்தினால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே நல்லது.

டிரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் தடை 1999-இல்தான் முழுமையானது. யாரோ பழைய பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய லைனிங்காக (ஷூவின் உராய்வுப் பட்டை) இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். வண்டி ஜாக்கில் நிற்கும்போது அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

## பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

வண்டியை நிறுத்தி, வேகமாக நான்கைந்து முறை மிதியுங்கள்.

மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்து கெட்டியானால்: அடுத்த தலைப்புக்குப் போங்கள். காற்று இருக்கலாம், ஆனால் பின் பிரேக் அட்ஜஸ்ட்மென்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சாகவே இருந்தால்: உள்ளே காற்று. சமீபத்தில் யாராவது பைப்பைக் கழற்றினார்களா, தொட்டியில் ஆயில் வற்றிப் போனதா? இரண்டும் இல்லையென்றால் காற்று தானாக வந்திருக்காது, எங்கோ கசிவு இருக்கிறது. அதைத் தேடாமல் ஏர் எடுத்தால், அதாவது காற்றை மட்டும் வெளியேற்றினால், இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை.

ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் இருப்பதில் முடியுங்கள். நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) மாட்டிய குழாயின் நுனி எப்போதும் ஆயிலில் முங்கியிருக்கட்டும். உதவிக்கு இருப்பவர் மெதுவாக, சீராக மிதிக்க வேண்டும். படபடவென்று மிதித்தால் காற்று நுரையாகி உள்ளேயே சுற்றும். எம்.ஜி.பி.யின் தொட்டி சிறியது, ஒவ்வொரு சக்கரத்துக்கு நடுவிலும் எட்டிப் பார்த்து நிரப்புங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், துளையின் மேல்பகுதியில் மட்டும்தான் போய்வருகிறது. அடிப்பகுதி வருடக்கணக்காகத் தொடப்படாமல் துரு பிடித்துக் கிடக்கும். ஏர் எடுக்கும் சாக்கில் பெடலைத் தரை வரை அமுக்கினால் ரப்பர் அந்தத் துருவில் போய்க் கிழிந்துவிடும். ‘ஏர் எடுத்த பிறகுதான் மாஸ்டர் சிலிண்டர் போச்சு’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான் என்பது என் ஊகம்.

ஏர் எடுத்தும் பஞ்சாகவே இருக்கிறதா? முன் காலிப்பர்களைப் பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். மேலே நிற்கும் காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மறுசீரமைத்த வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அதுவும் சரியென்றால் ஹோஸ், அதாவது வளையும் ரப்பர் பைப். மூன்றுதான் இருக்கின்றன: முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் ஹோஸைக் கையால் பற்றிக்கொள்ளட்டும். உப்புவது கைக்குத் தெரியும். வெடிப்பு விழுந்தவை, எப்போது போட்டது என்று தெரியாதவை எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே மேல். வாங்கும்போது ஹோஸில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்; அலமாரியில் பல வருடம் கிடந்த ரப்பரைப் புதிது என்று விற்பதுண்டு.

புது ஷூ போட்ட பிறகு பஞ்சாகிவிட்டதென்றால் அது காற்றே இல்லை. ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் இன்னும் பொருந்தவில்லை. மிதிக்கும்போது ஷூ வளைந்துகொடுக்கிறது. கொஞ்சம் ஓட்டிப் பழகவிட்டு மறுபடி அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. ஹோஸை நசுக்குவதற்கென்றே உருண்டை விளிம்போடு விற்கும் கிளாம்பை மூன்று ஹோஸிலும் போட்டு மிதியுங்கள். பெடல் கெட்டியாகிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது. ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்ததும் பஞ்சாகிறதோ அந்தச் சக்கரத்தில் கோளாறு. மூன்றையும் அடைத்த பிறகும் பஞ்சாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரிலோ சர்வோவிலோ காற்று இருக்கிறது. சர்வோவைக் கைபேசிப் படத்தைப் பார்த்துத் தோராயமாக மாட்டியிருந்தால் அதன் சரிவைச் சரிபாருங்கள். சரிவு தப்பினால் உள்ளே காற்று தங்கும். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் மேசையிலேயே வைத்து ஏர் எடுத்துவிட வேண்டும். சாதாரண வைஸ் கிரிப்பால் ஹோஸை நசுக்காதீர்கள், உள்ளடுக்கு கிழிந்துவிடும். எஃகுப் பின்னல் போட்ட ஹோஸில் எந்தக் கிளாம்பும் வேண்டாம்.

## பெடல் கீழே போய்த்தான் பிடிக்கிறது. இரண்டாவது மிதியில் சரியாகிறது

காசு செலவில்லாமல் தீரும் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

பின் டிரம் அட்ஜஸ்டர். எம்.ஜி.பி.யின் பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. டிரம்மை மூடும் தட்டின் பின்னால் சதுரத் தலையோடு ஓர் அட்ஜஸ்டர் இருக்கும், சக்கரத்துக்கு ஒன்று. ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரம் சுற்றாமல் இறுகும் வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை ஒன்றிரண்டு ‘கிளிக்’ பின்னுக்கு விடுங்கள். பெடலை ஒருமுறை நன்றாக மிதித்துவிட்டு மறுபடி பாருங்கள், ஷூ நடுவில் வந்து அமர்ந்ததும் இன்னும் ஒரு கிளிக் கிடைக்கும்.

அட்ஜஸ்டர் அசையவில்லையா? சாதாரண ஸ்பானரைப் போட்டு முரட்டுத்தனம் பண்ணினால் சதுரம் உருண்டையாகிவிடும். துரு இளக்கும் ஆயிலை முதல் நாளே அடித்து ஊறவிடுங்கள், அதற்கென்று இருக்கும் சதுர ஸ்பானரால் இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். வந்துவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து செப்பு கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்த வருடம் உங்களையே வாழ்த்திக்கொள்வீர்கள்.

அட்ஜஸ்ட் செய்தும் தாழ்வாகவே இருந்தால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் தண்டுக்கும் நடுவிலுள்ள கிளெவிஸ் பின்னைப் பாருங்கள். பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றினால் தெரியும். அந்தப் பின் தேய்ந்து பெடலின் துளையும் நீள்வட்டமாகியிருந்தால் மிதியில் கணிசமான பங்கு அங்கேயே வீணாகிறது. பின்னுக்கு அதிகம் செலவாகாது; துளையை வெல்டிங் செய்து மறுபடி துளையிட வேண்டியிருக்கலாம்.

நேர்ச்சாலையில் சரியாக இருந்து, வளைவு திரும்பிய பிறகு மட்டும் பெடல் தாழ்ந்தால் முன் சக்கர பேரிங். ஹப் ஆடும்போது டிஸ்க் பேடைத் தள்ளிவிடுகிறது, முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடுகிறது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். உதவியாளர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு). எம்.ஜி.பி. ஹப்பில் ஸ்பேசரும் ஷிம்மும் (மெல்லிய தகடு) வைத்து 0.05 முதல் 0.10 மி.மீ. வரை ப்ளே விட வேண்டும். மற்ற வண்டிகளைப் போல நட்டை இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தும் முறை இங்கே செல்லாது. டயல் கேஜ் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

## மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்லத் தரைக்கு இறங்குகிறது

சிக்னலில் நிற்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். வண்டியை அப்போதே ஓரங்கட்டுங்கள்.

கசிவைத் தேடுங்கள். நான்கு டயர்களின் உட்பக்கம், பின் டிரம் தட்டின் அடி விளிம்பு, ஹோஸ் நுனிகள், ஆக்சில் மேல் போகும் பைப், அப்புறம் ஓட்டுநர் காலடியில் பெடல் வரும் இடம். கால்மிதிக்கு மேலே பெயின்ட் சுருங்கி உரிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கமாகக் கசிகிறது என்று பொருள். அதன் பக்கத்திலேயே கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் இருப்பதால் கசிவது எது என்று விரல் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். தவறானதை வாங்கி வந்தவர்கள் உண்டு.

பின் டிரம்முக்குள் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கிளைக்கால் ஆயில் ஊற்றிய வண்டியில், கரைந்தால் வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சின்ன உருளை), மிதந்தால் ஆக்சில் சீல். எதுவாக இருந்தாலும் நனைந்த ஷூவைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். ஒரே பக்கம் நனைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். வீல் சிலிண்டரின் துளை அளவு வருடத்துக்கும் மாடலுக்கும் மாறும், பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அதைப் பிடித்துவைக்கும் ‘இ’ கிளிப்பை மாட்டும்போது வாயில் கெட்ட வார்த்தை வராத ஆளை நான் பார்த்ததில்லை. அதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கும் துளி ஈரம் இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் ரப்பரைத் தாண்டிப் பின்னால் போகிறது. முன்சொன்ன கிளாம்ப் சோதனை இதை உறுதிசெய்யும்: மூன்று ஹோஸையும் அடைத்த பிறகும் பெடல் இறங்கினால் சந்தேகமே இல்லை.

இப்போது மூன்று வழி இருக்கிறது. மலிவானது ரப்பர் கிட். ஆனால் பிஸ்டனை எடுத்துவிட்டுத் துளைக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் குழியோ கீறலோ இருந்தால் கிட் வாங்குவது வீண் செலவு, சில மாதத்தில் புது ரப்பரும் தேய்ந்துவிடும். குழியைப் போக்குகிறேன் என்று ஹோன் போட்டுத் தேய்த்துத் துளையைப் பெரிதாக்காதீர்கள். இரண்டாவது, புதிய சிலிண்டர். மூன்றாவது, உங்கள் பழைய சிலிண்டரிலேயே துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை ஸ்லீவ் (உள்குழல்) போட்டுத் தருபவர்களிடம் அனுப்புவது. செலவு கூடத்தான். ஆனால் ஸ்லீவ் போட்ட துளை துருப்பிடிக்காது. வருடத்தில் பாதி நாள் நிற்கிற வண்டிக்கு என் ஓட்டு இதற்கே.

## பிரேக் விடாமல் ஒட்டிக்கொள்கிறது

ஓட்டும்போது வண்டி கனக்கிறது, சக்கரத்தில் சூடும் கருகல் வாசனையும் வருகிறது, சில சமயம் ஓடிச் சூடான பிறகுதான் ஒட்டுகிறது. வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். எது எது ஒட்டுகிறது என்பதே பாதி விடை.

நான்கும் ஒட்டினால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேடுங்கள். முதலில் பெடலின் ப்ளே. விரலால் அழுத்தினால் பெடல் நுனியில் 3 மி.மீ. அளவுக்குத் தடையில்லாமல் போக வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வருவதில்லை. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கிறது. என்ஜின் சூட்டில் ஆயில் விரிந்ததும் போக வழியில்லாமல் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். சூடானால் ஒட்டி, ஆறினால் விடும் வண்டிகளில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். காலடியில் தடிமனான கம்பளம் போட்டிருந்தால், பெடல் திரும்பும் ஸ்பிரிங் அறுந்திருந்தால்கூட இப்படி ஆகும்.

ப்ளே சரியாக இருந்தும் ஒட்டுகிறதா? மாஸ்டர் சிலிண்டரில் பைப் மாட்டிய நட்டைத் துணி சுற்றிக்கொண்டு சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரங்கள் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள்: துளையை அழுக்கு அடைத்திருக்கும் அல்லது ரப்பர் உப்பியிருக்கும். விடுபடவில்லையென்றால் அதற்குக் கீழே. சர்வோ வண்டியாக இருந்தால் சர்வோவின் வெளியேறும் பைப்பிலும் இதையே செய்து பாருங்கள். அங்கே தளர்த்தினால் விடுகிறது, மாஸ்டர் சிலிண்டரில் தளர்த்தினால் விடவில்லை என்றால் சர்வோ பழுது. சர்வோவைப் பிரித்து ரப்பர் மாற்றும் கிட் கிடைக்கிறது, ஆனாலும் இது அந்த வேலையையே செய்பவர்களிடம் தரவேண்டியது என்பது என் கருத்து.

பின் சக்கரம் இரண்டும் மட்டும் ஒட்டினால் ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் பாருங்கள். குளிர்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி நின்றுவிடும், ஷூ டிரம்மோடு ஒட்டிப்போகும். இனி நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவையுங்கள். கேபிள் நன்றாக இருந்தால் அடுத்து பின் ஹோஸ்; ஒரே ஹோஸ்தான் இரண்டு பின் சக்கரத்துக்கும் போகிறது.

முன் சக்கரம் ஒன்று மட்டும் ஒட்டினால் அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் தளர்த்துங்கள்.

ஆயில் பாய்ந்து சக்கரம் உடனே விடுபட்டதா? அப்படியானால் ஹோஸ். வெளியிலிருந்து பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி அல்லது உரிந்து ஒருவழிக் கதவாகியிருக்கும். கால் அழுத்தும்போது ஆயில் போகும், திரும்பி வராது. ஒன்று இப்படி ஆகியிருந்தால் மற்ற இரண்டும் அதே வயதுதான், மூன்றையும் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் அதன் ஆறுபட்டை நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்புங்கள். செப்பு வாஷர் உள்ள இடத்தில் புது வாஷர்.

நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் காலிப்பர் பிஸ்டன். முதலில் பேடுகளை வெளியே எடுங்கள். சில நேரம் பேடின் விளிம்பில் ஏறிய துருவும் பெயின்டுமே அதைக் காலிப்பரில் சிக்கவைத்திருக்கும். அரத்தால் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. பிஸ்டன் உள்ளே தள்ள வரவில்லையென்றால் தூசித் தடுப்பு ரப்பர் கிழிந்து, குரோம் பூச்சுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். பிஸ்டனை வெளியே எடுக்க, ஹோஸைக் கழற்றாமல் பெடலையே பயன்படுத்துங்கள்: நன்றாக நகரும் பிஸ்டனைக் கிளாம்பால் பிடித்து நிறுத்திவிட்டு மெல்ல மிதித்தால் சிக்கியது வெளியே வரும். காற்றழுத்தம் கொடுத்து எடுப்பவர்கள் நடுவில் மரக்கட்டை வைத்து, விரலை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். குண்டு போலப் பாயும். குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துப் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டனும் சீலும் சேர்த்தே விற்கிறார்கள். சீலுக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவுங்கள், சாதாரண கிரீஸ் கூடாது.

காலிப்பரின் இரண்டு பாதிகளைப் பிணைக்கும் போல்ட்டுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பிஸ்டன் வேலைக்கு அதைப் பிரிக்கத் தேவையில்லை. இரண்டு பாதிக்கும் நடுவில் கசிந்தால் அது நிபுணர் வேலை, அல்லது மறுசீரமைத்த காலிப்பரை மாற்றிக்கொள்ளும் நேரம்.

## மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றைப் பாருங்கள். நிஜமாகவே, முதலில் அதை.

பிறகு, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்க பிரேக் நன்றாக இருக்கிறது, மறுபக்கம் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். இடப்பக்கம் இழுக்கும் வண்டியில் இடது காலிப்பரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். மறுபக்கத்தில் சிக்கிய பிஸ்டன், கிரீஸ் பட்ட பேட், அடைத்த ஹோஸ் என்ற வரிசையில் பாருங்கள். மிதித்ததும் ஒரு பக்கம், காலை எடுத்ததும் எதிர்ப்பக்கம் இழுத்தால் அது அநேகமாக ஹோஸ்தான்: அந்தச் சக்கரத்துக்கு ஆயில் தாமதமாகப் போகிறது, தாமதமாகத் திரும்புகிறது.

பிரேக் இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் இழுத்தால் கிங்பின், சஸ்பென்ஷன் புஷ், கம்பிச் சக்கரமானால் ஹப்பின் பல்வரிசைத் தேய்மானம். இவை பிரேக் வேலை இல்லை. சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

சர்வோ வண்டியில்: என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாக இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. இறங்கவில்லையென்றால் என்ஜினின் காற்று உள்வாங்கும் மேனிஃபோல்டிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு, ஒருவழி வால்வு, காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்த பிறகே சர்வோவைக் குறை சொல்லுங்கள்.

சர்வோ இல்லாத வண்டியில், அல்லது சர்வோ நன்றாக இருந்தால், பேடுதான். மெதுவாகவே ஓடும் வண்டியின் பேட் கண்ணாடி போல மினுக்கம் பிடித்துவிடும். மேலாகத் தேய்த்துப் போட்டுப் பார்க்கலாம், ஆயில் பட்டதென்றால் மாற்றியே ஆகவேண்டும். பந்தயத்துக்கான கடின பேடைப் பெருமைக்காக வாங்கிப் போட்டிருந்தால் அதுவே காரணம். அவை சூடான பிறகுதான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடிக்கப் போகும் வண்டிக்குச் சாதாரண பேடே நன்றாக நிற்கும்.

## ஆயில் குறைகிறது, எங்கும் ஈரமில்லை

பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. மேலே நிரப்பி ஓரிரு வாரத்தில் மறுபடி இறங்கினால் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, டிரம்முக்குள்: வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நுனியில் மெல்லத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருக்கும். இரண்டு, சர்வோ: அதன் சீல் போனால் ஆயிலை வேக்குவம் உறிஞ்சி என்ஜினுக்குள் எடுத்துக்கொள்ளும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று பயப்படும் முன் சர்வோவின் வேக்குவம் குழாயைக் கழற்றி உட்பக்கம் விரலால் தடவுங்கள். ஈரமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

## கீச்சொலி, அதிர்வு

கீச்சொலிக்குப் பேடின் பின்னால் ஷிம் இருக்கிறதா என்று பார்த்து, பின்தட்டில் மட்டும் பிரேக்குக்கான கிரீஸைத் தொட்டுவையுங்கள். அதிர்வுக்கு, டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் ஹப்பில் அது உட்காரும் இடத்திலுள்ள துருவைச் சுரண்டுங்கள். பிறகும் ஆட்டம் 0.08 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்க் மாறவேண்டும்.

## வெளியே கொடுக்க வேண்டியவை

சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவது, சர்வோ பிரிப்பது, காலிப்பர் பாதிகளைப் பிரிப்பது பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். இன்னொன்று பைப். 3/16 அங்குலச் செப்பு-நிக்கல் பைப் வளைப்பது சுலபம், நுனியை விரித்து ஃப்ளேர் போடுவதில்தான் கை பழக வேண்டும். நல்ல கருவி இல்லையென்றால் பழைய பைப்பை மாதிரிக்குக் கொடுத்து அளவுக்குச் செய்து வாங்குங்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாய் இணைப்பைப் போட்டு ஒட்டவைத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு பிரிட்டனில் 2018 மே முதல் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பலரும் அதோடு சோதனை நிலையத்தின் பக்கமே போவதில்லை. பிரேக் வேலை முடித்ததும் ஒருமுறை அங்கே பிரேக்கை அளக்கும் ரோலரில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எடைக்கு 50 சதவீதமாவது நிறுத்தும் திறன் வேண்டும்; ஒரே ஆக்சிலில் இடது வலது வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணைக் குறித்துவைத்தால் அடுத்த வருடம் எந்தச் சக்கரம் சோர்கிறது என்று பிரிக்காமலே தெரியும்.

அங்கே ஓட்டிப் போகும் முன் வீட்டிலேயே ஒருவரை முழு பலத்தோடு இரண்டு நிமிடம் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் தொட்ட ஒவ்வொரு இணைப்பையும் ஒரு காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.